கொல்லைப்புறத்தில் கீரையும் கோழியும்: கைப்பேசியில் குறித்து வைக்க வேண்டிய மூன்று நாட்கள்

போன வருஷம் மாசி மாதம் எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில் 14 கோழிகள் இருந்தன. பங்குனி பிறந்து ஒரு வாரத்தில் மிஞ்சியவை இரண்டு. முதல் நாள் ஒரு கோழி சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றது. மறுநாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. அதற்கடுத்த நாள் வேறு இரண்டு கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. "வெயில் தாங்கலை போல" என்று சொல்லி அம்மா சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டார். கடையில் யாரோ சொன்ன மாத்திரையைக் கரைத்து ஊற்றினார். எதுவும் பலிக்கவில்லை. அந்தக் கோழிகள்தான் அவர் கையிருப்பு. பேரப்பிள்ளைகளுக்கு முட்டை, திருவிழாவுக்கு ஒரு சேவல், அவசரத்துக்கு இரண்டு கோழியை விற்றால் சிலிண்டர் காசு.

அது வெள்ளைக்கழிச்சல். கோழிக்கழிச்சல் என்றும் சொல்வார்கள். 1927-இல் இமயமலை அடிவாரத்து ஊரான ராணிக்கேத்தில் கண்டறியப்பட்டதால் மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. தடுப்பூசி போடாத மந்தையில் புகுந்தால் ஒன்றிரண்டு தப்பினாலே பெரிது. கொல்லையில் காய்கறித் தோட்டம், கோழி, ஆடு என்று தொடங்க ஆசைப்படும் பலர் முதலில் இடத்தையும் கூண்டையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நாங்கள் முதலில் இதைச் சொல்வதற்குக் காரணம், வீட்டுக் கோழி வளர்ப்பு பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இந்த ஒரு வாரத்தில்தான்.

அந்த மூன்று நாட்கள்

குஞ்சு பொரித்த அன்றே கைப்பேசி நாட்காட்டியைத் திறந்து மூன்று நினைவூட்டல் போட்டுவிடுங்கள். 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து. 4-ஆவது வாரம் இன்னொரு முறை சொட்டு மருந்து. 8-ஆவது வாரம் இறக்கைப் பகுதியில் தோலுக்கு அடியில் போடும் ஊசி. சொட்டு மருந்து விட்டாச்சே, போதும் என்று பலர் எட்டாவது வார ஊசியை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஆபத்து. அதற்குப் பிறகு எப்போது போடுவது என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. இந்த மருந்து பெரும்பாலும் 100 கோழிக்கான குப்பிகளில் வருகிறது. குளிரிலேயே இருக்க வேண்டும். ஒருமுறை கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் ஒருவருக்காக மட்டும் ஒரு குப்பியைத் திறப்பது வீண்தானே? எனவே தெருவாகச் சேருங்கள். எங்கள் அம்மா தெருவில் இப்போது ஏழு வீடுகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யார் வீட்டில் எத்தனை கோழி, குஞ்சுக்கு எத்தனை நாள் என்று அதில் போட்டுவிடுவார்கள். பல கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் கோழிகளுக்கு இந்தத் தடுப்பூசி போடுகிறார்கள். உங்கள் மருந்தகத்தில் எந்த நாள் என்று கேட்டு, பஞ்சாரத்தோடு ஒன்றாகப் போய்விடலாம். இது தவிர ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. எங்கள் அம்மா தவறவிட்டது அதைத்தான். அன்றைக்கு வெளியூரில் ஒரு கல்யாணம்.

நோய் தெரிந்ததும் கோழியை அவசரமாக வியாபாரியிடம் தள்ளிவிடும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறது. அப்படிச் செய்யாதீங்க. செத்த கோழியைக் குளத்தில், குப்பைமேட்டில் வீசாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கழிச்சலின் நிறம், கழுத்து திருகுவது ஆகியவற்றை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டினால், அவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

தொடங்கும் வரிசை

முதலில் கீரை, பிறகு பந்தல், அதற்குப் பிறகு கோழி என்பது எங்கள் யோசனை. கோழியும் கீரையும் ஒரே நாளில் வந்தால் கீரை மிஞ்சாது. கிளறித் தள்ளிவிடும்.

கீரைக்கு நான்கைந்து சிறு பாத்தி போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் வாரத்துக்கு ஒரு பாத்தி விதைத்தால், முதல் பாத்தி தண்டுக்கீரை 25, 30 நாளில் பிடுங்கும்போது அடுத்தது வளர்ந்துகொண்டிருக்கும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும். விதை மிகவும் பொடி என்பதால் மணலோடு கலந்து தூவுங்கள். எறும்பு தூக்கிக்கொண்டு போகிறது என்றால் பாத்தி ஓரத்தில் கொஞ்சம் நொய்யரிசி போட்டுவிடுங்கள், அதை எடுக்கப் போய்விடும். பழைய மீன்வலையோ நைலான் சேலையோ இடுப்பளவுக்குச் சுற்றிக் கட்டினால் கோழி உள்ளே வராது.

குளிக்கிற, பாத்திரம் தேய்க்கிற தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் விடலாம், கீரைக்கு வேண்டாம். முருங்கைக்குப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரகம் விதையிலிருந்தே வளர்கிறது, ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஆனால் முருங்கைக் கிளை காற்றுக்கு எளிதில் முறியும். ஓட்டு வீட்டுக்கும் மின்கம்பிக்கும் தள்ளி நடுங்கள்.

பந்தலை ஆடிப்பட்டத்தில் போடுங்கள். அவரை, பீர்க்கு, புடலை ஏறிவிட்டால் அதன் அடியில் கோழிக் கூண்டை வைக்கலாம். அந்த நிழலில் கூண்டு சூடாகாது. காயில் விழும் புழுவையும் கோழி பொறுக்கித் தின்னும். கோழி எச்சத்தை அப்படியே செடிக்குப் போடாதீர்கள், சூட்டில் செடி கருகும். சருகு, காய்கறிக் கழிவோடு சேர்த்துக் குழியில் இரண்டு மூன்று மாதம் மட்க விட்ட பிறகு போடலாம். ஆக உரச் செலவு மிச்சம், சமையலறைக் கழிவும் வெளியே போகாது.

கூண்டும் அடையும்

பகலில் மேயும் கோழிக்கு இரவில் அடைய ஒரு சதுர அடி இடம் கணக்கு. கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் வையுங்கள். பூனையும் கீரிப்பிள்ளையும் இருட்டுவதற்கு முன்பே வட்டமடிக்கத் தொடங்கிவிடும், எனவே ஆறு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிட வேண்டும்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். பண்ணைக்கோழியோடு ஒப்பிட்டு ஏமாறாதீங்க. ஆனால் அது தானே அடைகாத்து 21 நாளில் குஞ்சு பொரித்துவிடும், தீனியிலும் பாதியைத் தானே தேடிக்கொள்ளும். அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்தால் போதும். ஏழாம் நாள் இரவில் ஒவ்வொரு முட்டையையும் எடுத்துக் கைப்பேசி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி வலை மாதிரி ஓடினால் கரு இருக்கிறது. தெளிவாக, காலியாகத் தெரிந்தால் அது பொரிக்காத முட்டை, எடுத்துவிடலாம். இதைக் குழந்தைகளை விட்டுச் செய்யச் சொல்லிப் பாருங்கள், அடுத்த நாளிலிருந்து கூண்டைச் சாத்தும் வேலையை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்!

ஆடு வேண்டுமா?

கொஞ்சம் யோசியுங்கள். வளர்ந்த ஒரு வெள்ளாட்டுக்கு நாளைக்கு நான்கு கிலோவுக்குக் குறையாமல் பசுந்தழை வேண்டும். இரண்டு சென்ட் கொல்லையில் அது விளையாது. வேலியில் அகத்தி, கிளைரிசிடியா நட்டால் ஒரு பங்கு கிடைக்கும். மீதிக்கு மேய்ச்சல் நிலமும் ஓட்டிப்போக ஆளும் இருந்தால் மட்டும் இரண்டு பெட்டை ஆட்டில் தொடங்கலாம். மழை தொடங்கியதும் இளம்புல்லை அளவுக்கு மீறி மேய்ந்தால் துள்ளுமாரி வரும். கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான் முதலில் துள்ளி விழும். அதற்கான தடுப்பூசியை மழைக்காலத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி இருக்கிறது. குடற்புழு நீக்க மருந்தையும் மறக்காதீர்கள்.

கைப்பேசியில் என்ன இருக்கிறது

ஆடு, மாடு ஈன முடியாமல் தவிக்கிறது, மருந்தகத்துக்குக் கொண்டுபோக வழியில்லை என்றால் 1962 என்ற எண்ணை அழையுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வருவதற்கான எண் அது. அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு பக்கத்திலுள்ள கோயில், பள்ளி, ரேஷன் கடை என்று ஏதாவது ஓர் அடையாளம் சொன்னால் தேடி அலைய மாட்டார்கள். பயிர், பூச்சி, உரம் பற்றிய சந்தேகத்துக்கு உழவர் அழைப்பு மையம், 1800-180-1551, கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசலாம்.

2018-இல் வந்த உழவன் செயலியைப் பலர் நெல், கரும்பு விவசாயிகளுக்கானது என்று நினைத்து இறக்குவதே இல்லை. மானியத் திட்டங்கள், விதை இருப்பு, சந்தை விலை, வானிலை எல்லாம் அதில் இருக்கின்றன. கைப்பேசி எண்ணைக் கொண்டு பதிவு செய்துகொள்ளலாம். மானிய விலையில் காய்கறி விதை, மாடித்தோட்டத் தொகுப்பு போன்றவை தோட்டக்கலைத் துறை வழியாகவும், நாட்டுக்கோழிக் குஞ்சுத் திட்டங்கள் கால்நடை பராமரிப்புத் துறை வழியாகவும் வருகின்றன. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பொறுத்து தகுதியும் தொகையும் மாறும். ஆகவே யாரோ அனுப்பிய பழைய வாட்ஸ்அப் செய்தியை நம்பி அலையாமல், அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் கோழி, ஆடு வாங்குவதற்கு முன் அங்குள்ள விதிகளை உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், விடியற்காலை மூன்று மணிக்குச் சேவல் கூவும்போது எழுவது அவர்களும்தான்.

அம்மாவிடம் இப்போது ஒன்பது கோழிகளும் பதினொரு குஞ்சுகளும் இருக்கின்றன. குஞ்சுகளுக்கு எட்டாவது வாரம் வருகிற சனிக்கிழமை.