கையில் பிடிக்கவும் ஈறில் நசுங்கவும்

ஆறு மாதக் குழந்தைக்குக் கேரட் கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம். எப்படி நறுக்கி, எவ்வளவு வேகவைத்து என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பச்சைக் கேரட் துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அதே கேரட் குழைய வெந்திருந்தால் பல் முளைக்காத பிள்ளையும் ஈறாலேயே நசுக்கித் தின்றுவிடும்.

தானாக எடுத்துத் தின்னும் பிள்ளைகளையும் கரண்டியால் ஊட்டப்பட்ட பிள்ளைகளையும் ஒப்பிட்ட நியூசிலாந்து ஆய்வொன்று 2016இல் வெளியானது. தானாகத் தின்னும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, எதைத் தவிர்ப்பது, எப்படிக் கொடுப்பது என்று முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தொண்டை அடைத்த நிகழ்வுகளில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, கையில் கொடுப்பதை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. என்ன பதத்தில் கொடுக்கிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பிள்ளை தயாரா என்று பாருங்கள். தாய்ப்பாலோடு திட உணவைச் சேர்க்க உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வயது 6 மாதம். காலண்டர் மட்டும் போதாது. தலை நிற்க வேண்டும், லேசாகப் பிடித்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும், பொருளை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகத் தெரிய வேண்டும். வாயில் வைத்ததையெல்லாம் நாக்கு வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் சில நாள் பொறுக்கலாம்.

அடுத்தது நறுக்குவது. இந்த வயதில் பிள்ளை எதையும் முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். முஷ்டிக்குள் போனதை அதனால் தின்ன முடியாது; வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் கடிக்கும். அதனால் பெரியவர்களின் விரல் நீளம், விரல் பருமன். பொடிப்பொடியாக நறுக்குவதுதான் பத்திரம் என்று நினைப்போம். தொடக்கத்தில் அது பயன்படாது. கேரட்டை வட்ட வட்டமாக நறுக்குவதோ ஆபத்து. வில்லை அப்படியே தொண்டையில் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். வாழைப்பழத்தைக் கத்தி இல்லாமலே பிரிக்கலாம். உரித்த பழத்தின் நுனியில் விரலை வைத்து மெல்ல அழுத்தினால் நீளவாக்கில் மூன்றாகப் பிளந்துகொள்ளும். வழுக்கினால், தோலை நன்றாகக் கழுவி, அடியில் கொஞ்சம் தோலை விட்டே கொடுக்கலாம், பிடித்துக்கொள்ள வசதி. தோலைக் கடிக்க விடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

வேகவைக்க இட்லிப் பானையே போதும். தட்டில் கேரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நார் உரித்த பீன்ஸ். பரங்கிக்காய் சீக்கிரம் வெந்துவிடும். விரல் பருமன் கேரட்டுக்குக் கால் மணி நேரம் ஆகலாம். கடிகாரத்தை நம்ப வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்துங்கள். மசிந்தால் சரி, வழுக்கி ஓடினால் இன்னும் வேக வேண்டும். ஆறிய பிறகு ஒருமுறை நசுக்கிப் பார்ப்பது நல்லது. சில கிழங்குகள் ஆறினால் இறுகிவிடும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுவரை வேண்டாம். சப்பென்று இருக்கிறதே என்ற கவலை நம் நாக்குக்குத்தான்.

காயோடு நிறுத்திவிடக் கூடாது. கருவில் இருந்தபோது சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய இந்த வயதில்தான் குறையத் தொடங்குகிறது. முட்டையை ஆம்லெட்டாக முழுதும் வேகவிட்டு நீளத் துண்டுகளாக்கலாம். அவித்த மஞ்சள்கருவை உருண்டையாகக் கொடுத்தால் அண்ணத்தில் மாவாக ஒட்டிக்கொள்ளும். தாய்ப்பாலிலோ வெந்நீரிலோ குழைத்துவிடுங்கள். இட்லிக்கும் இதே தொல்லை உண்டு என்பதால், நீளமாகக் கீறி, உப்பில்லாத பருப்புத் தண்ணீரில் தோய்த்துக் கொடுக்கலாம். மீன் என்றால் விரலால் பிசைந்து முள் பார்ப்பதுதான் நம்பகமானது. கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தப்பாது. முருங்கைக்காயை மட்டும் துண்டாகக் கையில் தராதீர்கள். நார் பிரிந்து தொண்டைக்குள் போகும். உள்சதையை வழித்துச் சோற்றில் பிசைந்தால் போதும்.

நிலக்கடலையைப் பொறுத்தவரை பழைய எச்சரிக்கை மாறிவிட்டது. ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள பிள்ளைகளுக்கு முதல் வயதிலேயே கொடுக்கத் தொடங்கினால், பின்னாளில் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. கடுமையான தோல் அரிப்பு உள்ள பிள்ளையென்றால் மருத்துவரைக் கேட்ட பிறகுதான். மற்றவர்களுக்கு வறுத்துத் தோல் நீக்கி மையாக அரைத்து, கஞ்சியில் நீர்க்கக் கரைத்து, முதல் நாள் கொஞ்சம் மட்டும். தேன் அப்படியல்ல. பொட்டுலினம் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும் என்பதால் ஒரு வயதுவரை ஒரு துளியும் கூடாது. பிறந்ததும் தேனில் சேனை தொட்டு வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பெரியவர்கள் மனம் நோகும் என்று இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஊட்டும்போது பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். சாய்ந்த தொட்டிலிலோ, ஓடும் காரிலோ, தவழ்ந்துகொண்டேயோ வேண்டாம். துண்டை முன்னால் வையுங்கள், அதுவே எடுக்கட்டும், வாய்க்குள் திணிக்காதீர்கள். ஓங்கரிக்கும், முகம் சிவக்கும், சத்தமாக இருமும். பார்க்கப் பதறும், ஆனால் அது பிள்ளை தானாக வெளியே தள்ளும் முயற்சி. பக்கத்தில் இருந்தால் போதும். சத்தம் நின்றுபோய், அழ முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அது அடைப்பு. உடனே முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டுங்கள். வரவில்லையென்றால் மல்லாத்தி, மார்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். நினைவிழந்தால் இதயத்தை இயக்கும் முதலுதவிக்கு மாற வேண்டும். பிள்ளை வைத்திருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் அதை நேரில் பழகிக்கொள்வது அவசியம். வயிற்றை அமுக்குவதோ, கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் தோண்டுவதோ கூடாது.

ஒன்பது மாத வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கத் தொடங்கும். அப்போதுதான் சிறு துண்டுகளுக்கு நேரம்: வெந்த பட்டாணியை நசுக்கி, பப்பாளியைப் பொடியாக நறுக்கி. திராட்சையைக் குறுக்கே அல்ல, நீளவாக்கில் நான்காக வெட்டி விதையை எடுக்க வேண்டும். சீத்தாப்பழம், சப்போட்டா என்றால் ஒவ்வொரு துண்டையும் விதை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முழுக்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், கெட்டி மிட்டாய் எல்லாம் 5 வயதுவரை எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நவராத்திரிச் சுண்டல் கிண்ணமும்தான்.