லாரியில் வந்த மீனும் ஆற்றில் பிறந்த மீனும்

1950களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் பலரும் முதலில் விசாரித்தது, லாரி எப்போது வரும் என்பதைத்தான். அரசுப் பொரிப்பகத்தின் சிமென்ட் தொட்டிகளில் வளர்த்த மீன்களை லாரியில் கொண்டுவந்து பாலத்தடியில் கொட்டுவார்கள். கொஞ்ச நாளில் அவற்றில் பெரும்பகுதி தூண்டிலில் மாட்டிவிடும். பிறகு அடுத்த லாரி. தொட்டிச் சுவரில் உரசி உரசித் துடுப்பு தேய்ந்துபோன மீன்கள் அவை. மனித நிழல் விழுந்தால் ஆற்றில் பிறந்த மீன் பாறையடியில் பதுங்கும். பொரிப்பக மீனோ தீனி வருகிறது என்று நிழலைத் தேடி வரும். எத்தனை மீன் விட்டோம், எத்தனை உரிமம் விற்றோம் என்று எழுதிவைத்த கணக்குக்குத்தான் மீன்வளம் என்று பெயர்.

அந்த மாநிலத்தின் ஓ சாபிள் ஆறு ஒருகாலத்தில் கிரேலிங் மீனுக்குப் பேர்போனது. பாய்மரம்போல் உயர்ந்த முதுகுத் துடுப்பு கொண்ட அழகான மீன். கரையில் இருக்கும் ஊருக்கே கிரேலிங் என்றுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைப் பைன் காடுகளை மொட்டையடித்தார்கள். வெட்டிய மரங்களை வசந்தகால வெள்ளத்தில் ஆற்றோடு மிதக்கவிட்டார்கள். கிரேலிங் முட்டையிடுவதும் அதே வசந்தத்தில், ஆற்றடிக் கூழாங்கல் படுகையில். மிதந்துவந்த மரங்கள் அந்தப் படுகையைச் சுரண்டிக்கொண்டு போயின. கரை நிழல் போனதால் தண்ணீர் சூடேறியது, மணல் வந்து மூடியது. பிடிபட்ட மீன்களும் ரயிலேறிச் சிகாகோவுக்குப் போயின. 1930களுக்குள் மிச்சிகனில் கிரேலிங் பூண்டோடு அழிந்தது. ஊருக்கு மட்டும் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது.

இந்த ஆற்றங்கரையில்தான், ஜார்ஜ் கிரிஃபித் என்பவரின் வீட்டில், 1959 ஜூலையில் 16 பேர் கூடி ‘டிரவுட் அன்லிமிடெட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அத்தனை பேரும் ஃப்ளை ஃபிஷிங் பைத்தியங்கள். இன்னும் நிறைய மீன் விடுங்கள் என்று அரசிடம் மனுக் கொடுக்கத்தான் இப்படிப்பட்டவர்கள் கூடுவார்கள் என்று நாம் நினைப்போம். லாரியை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள் இவர்கள். மீனுக்கு ஆற்றைச் சரிசெய்து கொடுத்தால் அது தானே பெருகும், பணத்தையும் உழைப்பையும் அங்கே போடுங்கள் என்றார்கள். பிடிக்க மீன் வேண்டும் என்று ஆசைப்படுகிறவனே, கைக்கு எளிதாக வரும் மீன் வேண்டாம் என்று சொன்ன அந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த எண்ணம் அவர்களுக்கு ஏன் வந்தது என்பதற்கு அவர்கள் கையிலிருந்த தூண்டிலே பாதிப் பதில். இந்த வகைத் தூண்டிலில் புழுவோ ஈயக் குண்டோ கிடையாது. நூலும் இறகும் சுற்றிப் பூச்சிபோல் ஆக்கிய சின்னஞ்சிறு முள்தான் இரை. அதற்கு எடையே இல்லாததால் கனமான கயிறு ஒன்றைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, அதன் வேகத்தில் அதைத் தண்ணீர்மேல் இறக்க வேண்டும். கிரிஃபித்தின் பெயரால் வழங்கும் ஒரு பூச்சி இருக்கிறது. மயில் பீலியின் இழையை முள்ளில் சுற்றி, அதன்மேல் வரிச் சேவலின் கழுத்திறகை நெடுகச் சுற்றிக் கட்டியது, அவ்வளவுதான். ஒரு கொசுவைவிட அதிகம் பெரிதில்லை. எந்தப் பொழுதில் எந்தப் பூச்சி நீரிலிருந்து எழும்பும் என்று தெரியாதவனுக்கு இதில் மீன் விழாது. ஓ சாபிளில் கோடையின் தொடக்கத்தில், இரவில், பெரிய மேஃப்ளை பூச்சிகள் நம்மூர் ஈசல்போலக் கூட்டமாக எழும்பும். ஓரிரு ஆண்டு ஆற்றடிச் சேற்றில் வளர்ந்து, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளில் மடிந்துபோகும் உயிர் அது. தண்ணீர் கெட்டால் மீனுக்கு முன்னால் அதுதான் காணாமல் போகும். பூச்சி குறைவதை முதலில் கண்டுகொண்டவர்கள் இந்தத் தூண்டில்காரர்கள்.

அவர்கள் சொன்னதற்கு அறிவியல் ஆதாரம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. மான்டனா மாநில அரசின் உயிரியலாளர் டிக் வின்சென்ட், மேடிசன் ஆற்றிலும் ஓடெல் ஓடையிலும் மீன்களை எண்ணிப் பார்த்தார். பொரிப்பக மீனை விட்ட இடத்தில் ஆற்று மீன் குறைந்தது, விடுவதை நிறுத்திய இடத்தில் பெருகியது. எதிர்ப்பு கடுமையாக இருந்தும் மான்டனா 1974ல் தன் ஆறுகளில் டிரவுட் விடுவதை நிறுத்தியது. இன்று உலகெங்கிலுமிருந்து தூண்டில்காரர்கள் தேடிப்போவது அந்த ஆறுகளைத்தான்.

16 பேரோடு தொடங்கிய அமைப்புக்கு இன்று உறுப்பினரும் ஆதரவாளருமாக மூன்று லட்சம் பேர், ஏறத்தாழ 400 கிளைகள். வேலையின் தன்மையும் மாறிவிட்டது. மெய்ன் மாநிலத்தில் கென்னபெக் ஆற்றின் குறுக்கே 1837ல் எழுந்த எட்வர்ட்ஸ் அணையை அகற்றப் போராடிய கூட்டணியில் இந்த அமைப்பும் இருந்தது. உரிமையாளர் விரும்பாதபோதும் அணையை அகற்றச் சொல்லி மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1997ல் உத்தரவிட்டது. அந்த நாட்டில் அப்படியோர் உத்தரவு அதுதான் முதல் தடவை. 1999 ஜூலை முதல் நாள் அணை உடைக்கப்பட்டது. 160 ஆண்டு கழித்துக் கடல் மீன்கள் அந்த இடத்தைத் தாண்டி மேலேறின.

கலிபோர்னியா–ஓரிகன் எல்லையைக் கடந்து ஓடும் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகள் 2024க்குள் அகற்றப்பட்டன. அந்த இலையுதிர்காலத்திலேயே, நூறாண்டுக்கு மேல் வழி அடைபட்டிருந்த சாமன் மீன்கள் ஓரிகனுக்குள் நீந்திப் போயின. இதன் பெருமை முதலில் யூரோக், காருக் முதலான பழங்குடியினருக்கே சேர வேண்டும். 2002ல் அந்த ஆற்றில் பல்லாயிரம் சாமன் செத்து மிதந்ததைப் பார்த்து வீதிக்கு வந்தவர்கள் அவர்கள். பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தது தூண்டில்காரர்களின் பங்கு. அதுவும் சிறிய காரியமில்லை.

பெயர் வெளியே தெரியாத வேலைகளே இன்னும் அதிகம். சாலைக்கடியில் போகும் குழாயின் வாய், ஓடை மட்டத்திலிருந்து இரண்டு முழம் உயரத்தில் தொங்கினால் போதும், சின்ன மீனுக்கு அதற்குமேல் ஆறே இல்லை. அப்படிப்பட்ட குழாய்களைத் தோண்டி எடுத்துச் சிறு பாலங்கள் கட்டுகிறார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்களிலிருந்து கசியும் நச்சுநீரைச் சுத்தப்படுத்த முன்வருகிறவர்மீதே பழைய மாசுக்கான பொறுப்பும் விழும் என்ற சட்டச் சிக்கல் இருந்தது. 20 ஆண்டுக்கு மேல் வலியுறுத்தியபின், 2024 டிசம்பரில் அதைத் தளர்த்த முன்னோடித் திட்டமாக ஒரு சட்டம் வந்தது. 1959ல் கூடியவர்கள் இதையெல்லாம் மீன்பிடிச் சங்கத்தின் வேலை என்று நினைத்திருப்பார்களா?

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. டிரவுட் குளிர்நீர் மீன். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும். மான்டனாவில் கோடையில் ஆற்றுநீர் தொடர்ந்து மூன்று நாள் 23 டிகிரி அளவுக்குச் சூடானால், பிற்பகல் இரண்டு மணிக்குமேல் தூண்டில் போடத் தடை விதிக்கிறார்கள். அணையை இடிக்கலாம், ஓடைக்கு நிழல்தரும் மரம் நடலாம். வானத்துச் சூட்டை ஒரு சங்கம் என்ன செய்யும்?

இன்னொரு முரணும் அவர்களுக்குத் தெரியும். ஓ சாபிளில் அவர்கள் போற்றிக் காக்கும் பழுப்பு டிரவுட், ஜெர்மனியிலிருந்து 1880களில் முட்டையாகக் கொண்டுவரப்பட்ட வந்தேறி. மண்ணுக்கே உரிய கிரேலிங்கை மீட்க 2016ல் மிச்சிகன் அரசும் லிட்டில் ரிவர் ஒட்டாவா பழங்குடியினரும் ஒரு முயற்சியைத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தந்த ஆற்றின் சொந்த மீனுக்கே முதலிடம் என்ற பேச்சு இப்போதுதான் வலுக்கிறது.

இந்தக் கதை நமக்கு அந்நியமில்லை. வட அமெரிக்காவின் ரெயின்போ டிரவுட் நீலகிரி ஓடைகளுக்கு வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஹெச்.சி. வில்சன் என்பவர் அதற்காக 1907ல் அங்குள்ள அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். தன் தாயகத்தில் அது காக்கப்பட வேண்டிய பூர்வகுடி, இங்கே விருந்தாளி. காவிரியில் நடந்ததோ இன்னும் வேதனை. முதுகில் திமிலெழும்பிய, காவிரிக்கே உரிய மஹசீர் அருகிவருகிறது என்று, லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்ந்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்டார்கள். வந்த மீன் பெருகியது, சொந்த மீன் ஒடுங்கியது. திமில் மஹசீர் இன்று மிக ஆபத்தான நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று நம் மோயாறு.

அடுத்த முறை உங்கள் ஊர் ஆற்றிலோ அணையிலோ மீன்குஞ்சு விடும் விழா நடந்தால், புகைப்படம் எடுத்து முடிந்ததும் அங்கிருக்கும் அதிகாரியிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இது எந்த மீன்? இந்தத் தண்ணீரில் இதற்கு முன் எந்த மீன் இருந்தது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.