காசு கூடினால் ஆட்டமும் கூடும்

சொகுசுக் கப்பல்களின் விலைப்பட்டியலில் ஒரு வேடிக்கை உண்டு. காசு கூடக் கூட அறை மேல்தளத்துக்குப் போகும். மேலே போகப் போக ஆட்டமும் கூடும். ஜன்னல் இல்லாத, கீழ்த்தளத்தில் இருக்கிற, யாரும் ஆசைப்பட்டுக் கேட்காத அறைதான் கடலில் குறைவாக அசையும் அறை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதன்முதலாகக் கப்பல் ஏற நினைக்கும் குடும்பத்துக்கு இது நல்ல செய்தி. டிக்கெட் விற்கிறவர் மட்டும் இதைத் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார்.

ஆரணியில் கப்பல் பேச்சு என்றால் சிரிப்பார்கள். கடல் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால். இங்கே தண்ணீர் என்றால் கமண்டல நாகநதி, அதுவும் மழை பெய்தால். ஆனாலும் 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய பிறகு, பட்டு நெசவுத் தெருக்களிலும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. தறி போட்டிருக்கும் ஒரு அண்ணன் என்னிடம் கேட்டார்: “ஏம்பா, நாலு பேரு போனா எவ்ளோ ஆவும்? பெரிய பொண்ணு கேட்டுக்கினே இருக்குது.”

விலையைச் சொல்லிவிடலாம். ஆனால் இன்று சொன்ன விலை அடுத்த வாரம் இருக்காது. அந்த விலை எதிலிருந்து பிறக்கிறது என்று தெரிந்தால் பேரம் பேசாமலே பாதிப் பணம் மிச்சமாகும்.

கப்பலிலிருந்தே தொடங்குவோம். எம்பிரஸ் 1990-இல் பிரான்சின் சாங் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. நீளம் 211 மீட்டர், அகலம் கிட்டத்தட்ட 31 மீட்டர். அதன் மொத்த டன் கணக்கு 48,563 என்று பதிவாகியிருக்கிறது. இது எடைக் கணக்கு அல்ல, கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கணக்கு. உலகக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் உள்ளே சுமார் 1,60,000 கன மீட்டர் இடம் இருப்பது தெரியும்.

சரி, எடை? கப்பல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பது ஏறத்தாழ 7 மீட்டர்தான். அமிழ்ந்த பகுதியை ஒரு நேரான பெட்டி என்றே வைத்துக்கொண்டாலும் 46,000 கன மீட்டருக்கு மேல் போகாது. கப்பலின் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் ஒன்று என்பது ஆர்க்கிமிடிஸ் சொன்ன கணக்கு. ஆக எஃகு, எஞ்சின், நீச்சல் குளம், சமையலறை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் ஆயிரத்துச் சொச்சம் பேர் எல்லாம் சேர்ந்தும் ஒரு கன மீட்டருக்கு 300 கிலோகூட வரவில்லை. அதே இடத்தில் தண்ணீரை நிரப்பினால் 1,000 கிலோ. அவ்வளவு பெரிய இரும்பு மலை பெரும்பாலும் காற்று!

குழந்தைகள் கட்டணத்தின் மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. 25 கிலோ பிள்ளை ஒன்று கூடுதலாக ஏறினால் கப்பலுக்கு அது ஒரு பாரமே இல்லை, எரிபொருளும் கூடாது. கப்பல் விற்பது இடத்தை, அதிலும் அறைகளை. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் போட்டுத்தான் தலைக்கு இவ்வளவு என்று அச்சடிக்கிறார்கள். அதே அறையில் சுவரிலிருந்து இறங்கும் மேல்படுக்கையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் பிள்ளைகள் படுத்தால் அந்த இடத்தின் விலை ஏற்கெனவே வசூலாகிவிட்டது. அதனால்தான் அவர்களுக்குக் கட்டணம் பெருமளவு குறைகிறது, சில சமயம் வெறும் வரியும் துறைமுகக் கட்டணமும்தான். தாராளமாக இருக்கட்டுமே என்று இரண்டு அறை எடுத்தால் அந்தச் சலுகை முழுக்கப் போய்விடும்.

எடைக்கு இல்லாத கட்டுப்பாடு தலைக்கு உண்டு. கைக்குழந்தை ஆனாலும் உயிர்காக்கும் படகில் ஓர் இடம் ஒதுக்கியாக வேண்டும். படகுகளின் கணக்கு நிறைந்துவிட்டால் உங்கள் அறையில் படுக்கை காலியாக இருந்தாலும் நான்காவது ஆளுக்கு டிக்கெட் கிடையாது. நான்கு பேர் படுக்கும் அறைகளும் கப்பலில் கொஞ்சமே, அவைதான் முதலில் தீரும். புறப்பட்ட பின் காலிப் படுக்கை காலணா பெறாது என்பதால் கடைசி நேரத்தில் விலை இறங்குவது உண்மை. ஆனால் அந்த யோகம் இருவராகப் போகிறவர்களுக்கு. பிள்ளைகளோடு போகிறவர்கள் காத்திருந்தால் ஏமாறலாம்.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். அலையில் கப்பலின் மூக்கு ஏறும்போது வால் இறங்கும். பூங்காவில் பிள்ளைகள் ஆடும் சீசா பலகை மாதிரிதான், நடுவில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. 211 மீட்டர் கப்பல் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தாலும் நடுவிலிருந்து 100 மீட்டர் தள்ளி முன்முனையில் இருக்கும் தரை ஒன்றே முக்கால் மீட்டர் எழும்பும். ஓர் ஆள் உயரம்! சில விநாடிகளில் அதே அளவு கீழே இறங்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்கும் இதே கணக்கு, ஆனால் அங்கே உயரம்தான் முக்கியம். கப்பல் நீர்மட்டத்தை ஒட்டிய ஓர் அச்சைச் சுற்றி உருளுகிறது. அதற்கு 25 மீட்டர் மேலே இருக்கும் அறை, 5 டிகிரி சாய்வில் இரண்டு மீட்டருக்கும் மேல் பக்கவாட்டில் போய் வரும். கீழ்த்தளத்து அறை கொஞ்சமே நகரும். ஆகவே அறை எண்ணை வாங்கும்போதே கப்பலின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கீழ்த்தளம், நீளவாக்கில் நடு. பின்பக்கம் வேண்டாம், இயந்திர அதிர்வு இரவெல்லாம் கட்டிலில் தெரியும்.

ஆட்டம் ஏன் குமட்டலாக மாறுகிறது? நம் காதுக்குள் ஆழத்தில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்களும், சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரு பைகளும் உள்ளன. திரும்புவதை முன்னவை சொல்லும். ஏறி இறங்குவதைப் பின்னவை சொல்லும். அறைக்குள் உட்கார்ந்து செல்போன் பார்க்கும் பிள்ளையின் கண், “ஒன்றும் அசையவில்லை” என்கிறது. காது, “அசைகிறோம்” என்கிறது. இரண்டு சாட்சியும் முரணானால் மூளை குழம்பி வயிற்றின் மேல் பழியைப் போடுகிறது. காதின் இந்த உறுப்பு இரு பக்கமும் செயலிழந்தவர்களுக்குக் கடல் குமட்டல் வருவதே இல்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதை 1882-லேயே கவனித்து எழுதிவிட்டார். ஐந்து விநாடிக்கு ஒருமுறை என்ற கதியில் ஏறி இறங்கும் அசைவுதான் மனிதனை அதிகம் வாட்டுகிறது என்பது பிறகு நடந்த சோதனைகளில் தெரியவந்தது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இது பெரும்பாலும் தொடுவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான் பாடாய்ப் படுத்தும். சென்னை பஸ்ஸில் ஆற்காடு தாண்டுவதற்குள் பாலிதீன் பை கேட்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கடலும் அதற்கு ஒத்துக்கொள்ளாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுமுன் வாங்கி வைப்பது நல்லது. கப்பல் மருத்துவரின் கட்டணம் டிக்கெட்டில் சேர்ந்ததல்ல. ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரே ஒரு குறை, தொடுவானம் தெரியாது. தலை சுற்றினால் பிள்ளையை மேல்தளத்துக்குக் கூட்டிப்போய்த் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணும் காதும் சமாதானமாகிவிடும். அந்தத் தளம் எல்லோருக்கும் பொது, பால்கனிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எப்போது போவது? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆனால் சொகுசுக் கப்பல் சென்னைக்கு வருவதே அந்தக் காற்றுக் காலத்தில்தான், ஜூன் தொடங்கி. இது முரணாகத் தெரியும். அலையைக் காற்று மட்டும் உண்டாக்குவதில்லை. காற்று தடையின்றி ஓட நீண்ட நீர்ப்பரப்பும் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஆப்பிரிக்கக் கரைப் பக்கமிருந்து அரபிக்கடல் முழுக்க ஓடிவந்து மும்பையில் மோதுகிறது; அதற்குள் அலை மலையாகிவிடும். அதே காற்று மலைத்தொடரைத் தாண்டி, ஆரணி வயல்களைத் தாண்டி, சென்னையில் தரையிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறது. அலை வளர அங்கே ஓடுதளமே இல்லை. கரையை விட்டு வெகுதூரம் போனால்தான் கடல் எழும். மும்பையில் ஓட்ட முடியாத மாதங்களில் கப்பல் கிழக்கே வருவதன் ரகசியம் அவ்வளவுதான். அக்டோபர் பிறந்து வடகிழக்குக் காற்று கடலிலிருந்து நம் கரையை நோக்கித் திரும்பினால், புயல் சின்னங்களும் பின்னாலேயே வரும். அப்போது கப்பல் மேற்குக் கரைக்குப் போய்விடும்.

இதில் பெற்றோருக்குத்தான் சங்கடம். கப்பல் வரும் ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. எஞ்சுவது வார இறுதியும் சுதந்திர தினத்தை ஒட்டிய விடுமுறையும். அந்த நாட்களில் விலையும் ஏறும். வார இறுதியோடு சேர்த்து ஒரு நாள் லீவு போட்டால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடாது என்பது என் கட்சி. ஆசிரியர்கள் மன்னிக்கட்டும்.

சென்னையிலிருந்து கிளம்பி எங்கும் போகாமல் சென்னைக்கே திரும்பும் இரண்டு இரவுப் பயணம் ஒன்று உண்டு. கேட்டால் ஏமாற்று மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் மலிவு. கப்பலை உந்தத் தேவைப்படும் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆற்றல் 70 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். விசாகப்பட்டினத்தை இத்தனை மணிக்குத் தொட வேண்டும் என்ற அவசரம் இல்லாத கப்பல் மெல்ல மிதக்கலாம். இன்னொரு துறைமுகத்துக்குக் கட்டணமும் இல்லை. பிள்ளைகளுக்கோ ஊர் முக்கியமில்லை, கப்பலே ஊர். பாஸ்போர்ட்டும் வேண்டாம், அடையாள அட்டை போதும். இலங்கைப் பயணம் என்றால்தான் பாஸ்போர்ட், விசா எல்லாம். 15 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம். வழியில் வரும் துறைமுகத்தை நம்பி முன்பணம் கட்டி டாக்சி பேசுவதும் கூடாது. 2022 ஜூனில் கப்பலில் சூதாட்டம் என்ற விவகாரம் கிளம்பி, புதுச்சேரியில் கப்பல் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை.

டிக்கெட்டில் சாப்பாடும் அறையும் ஆட்டம்பாட்டமும் அடக்கம். அடங்காதவை வரி, சேவைக் கட்டணம், குளிர்பானம், இணையம், கரைச் சுற்றுலா. செல்போனில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கரையிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர் தாண்டினால் நம் கோபுர சிக்னல் செத்துவிடும். உடனே கப்பலின் சொந்தக் கோபுரம் செயற்கைக்கோள் வழியாகப் பேச அழைக்கும். உங்கள் போன் உங்களைக் கேட்காமலே அதில் ஒட்டிக்கொள்ளும், பில் பிறகு வரும். ஏறியதும் எல்லா போனையும் பிளைட் மோடில் போடுவது, காலணா செலவில்லாத சிக்கனம்.

அண்ணன் கணக்கில் இன்னொரு வரியும் உண்டு. நெசவாளிக்கு மாதச் சம்பளம் இல்லை. சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஆகவே தறி நிற்கும் நாட்களின் கூலியும் பயணச் செலவுதான், அதுவும் வீட்டில் இரண்டு தறி என்றால் இரட்டிப்பு. ஒரு பாவு முடிந்து அடுத்ததைப் பிணைப்பதற்கு முன் கிடைக்கிற இடைவெளியில் பயணத்தை வைத்தால் அந்த நஷ்டம் குறையும். கப்பல் நிறுவனமோ தேதிக்கு முன்பே முழுப் பணத்தையும் கேட்கும், தேதி நெருங்க நெருங்க ரத்துக் கட்டணத்தை ஏற்றும். கூலியிலிருந்து ஒரே மூச்சில் புரட்ட முடியாது. பொங்கலுக்குச் சேர்ந்த சீட்டை மே மாதம் எடுத்து ஆகஸ்டுக்குப் பதிவு செய்வது இந்த ஊர்க் கைக்கு ஒத்துவரும்.

அவ்வளவு பணத்தைக் கட்டுவதற்கு முன், பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஓடுகிறது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று செரியாபாணி என்ற கப்பலுடன் தொடங்கிய அந்தச் சேவை, பருவமழையால் ஒரு வாரத்துக்குள் நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி ஓடியது. 150 பேர் ஏறும் சின்னக் கப்பல், ஆகையால் எம்பிரஸைவிட நிச்சயம் அதிகம் ஆடும். பாஸ்போர்ட் இருந்தால் மாசி, பங்குனியில், கடல் அடங்கிக் கிடக்கும்போது போய்வரலாம். அதில் சமாளித்த பிள்ளை பெரிய கப்பலில் ஓடி விளையாடும். முந்தைய இரவு பரோட்டா மட்டும் வேண்டாம். விடியற்காலை இரண்டு இட்லி போதும்.