பட்டையைச் சீவுவதும் மரத்தை வெட்டுவதும்

கிள்ளான் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் பாட்டு, ஜெபம், வசனம், அப்புறம் சாட்சி. யாராவது ஒருவர் எழுந்து, தான் எப்படி விசுவாசத்துக்கு வந்தார் என்று சொல்வார். நிறையச் சாட்சிகள் ஒரே அச்சில் வார்த்தவை. "ரொம்ப மண்டைக்கனம் பிடிச்சுத் திரிஞ்சேங்க. கர்த்தர் போட்டாரு பாருங்க ஒரு அடி! லோரி கவுந்துச்சு, கால் ஒடஞ்சுச்சு, வேலையும் போச்சு. அதோட முட்டி போட்டுட்டேன்." கூட்டம் அல்லேலூயா சொல்லும். பிறகு மீ கோரேங்கும் தேத்தண்ணியும் வரும். அழைப்புக்காக வந்த பக்கத்து வீட்டு இந்து நண்பர், கோப்பையை ஊதிக்கொண்டே மனசுக்குள் கேட்டுக்கொள்வார்: இந்தக் கடவுள் அடித்துத்தான் ஆள் சேர்ப்பாரா?

நல்ல கேள்வி. சபைக்குள் இருப்பவர்களே இதைச் சரியாகப் பிடித்துக்கொள்வதில்லை. பெருமையுள்ள ஒரு மனசைக் கடவுள் தாழ்த்துகிறார் என்று கிறிஸ்தவம் சொல்லும்போது உண்மையில் என்ன சொல்கிறது? நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. நாம் இந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள், அது எப்படி நடப்பதாகச் சொல்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிடுவோம்.

முதலில் பெருமை. பீற்றிக்கொள்வதை மட்டும் பெருமை என்று நினைத்துக்கொள்கிறோம். அது மேலே தெரியும் நுரைதான். பத்துப் பேருக்குப் பசியாற வாங்கிக் கொடுப்பவர் இருக்கிறார். குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்கு ஒருவர் காசு கொடுக்கப் போனால் மட்டும் முகம் மாறும். யாரிடமும் எதையும் வாங்கிக்கொள்ள மாட்டேன், எனக்கு நானே போதும் என்கிற அந்த நிலைதான் கிறிஸ்தவம் சொல்லும் பெருமை. கொடுக்கத் தெரிந்த கைக்கு ஏந்தத் தெரியவில்லை. கிறிஸ்தவ விசுவாசமோ, இலவசமாகத் தரப்படும் ஒன்றை ஏந்தி வாங்கிக்கொள்வதில்தான் தொடங்குகிறது. அதனால்தான் மற்றக் குற்றங்களைவிட இதைப் பெரிய தடையாகப் பார்க்கிறார்கள். குடிகாரனுக்காவது தனக்கு ஏதோ வேண்டும் என்று தெரியும்.

சைவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. சித்தாந்தம் அதை ஆணவ மலம் என்கிறது. மலம் பரிபாகம் அடையும்வரை, அதாவது பக்குவப்படும்வரை, இறைவன் காத்திருந்து அருள் பதிக்கிறான் என்று அது சொல்லும். காத்திருக்கிற கடவுள் என்பது இரண்டு பக்கத்துக்கும் பொது. வேறுபடுவது கால அளவில். அங்கே பல பிறவிகளின் அவகாசம் இருக்கிறது. கிறிஸ்தவத்தில் இருப்பது ஒரே பிறவி. காத்திருப்பது முழுவதும் ஒருவருடைய ஐம்பது அறுபது வருடத்துக்குள் நடந்தாக வேண்டும். பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் இதைப் பற்றி ஒரு விளக்கம் வருகிறது: கடவுள் தாமதிப்பதாகத் தோன்றினால் அதற்குக் காரணம் மறதியோ அலட்சியமோ அல்ல, ஒருவரும் கெட்டுப்போகக்கூடாது என்று அவர் இடம் கொடுக்கிறார் என்று.

சரி, அவ்வளவு வல்லமை உள்ளவர் ஏன் ஒரே போடாகப் போட்டு முடித்துவிடக்கூடாது? இங்கேதான் நமக்குப் பால் மரம் உதவும். சிலாங்கூரில் இன்று தாமான்களாகிவிட்ட எத்தனையோ இடங்கள் முன்பு ரப்பர்த் தோட்டங்கள். நம்மில் பலருடைய பாட்டி விடியுமுன்னே எழுந்து பால் வெட்டப் போனவர்தான். கத்தி மரத்தை வெட்டுவதில்லை. ஒரு மில்லிமீட்டர், சற்றுக் கூடினால் ஒன்றரை, அவ்வளவு பட்டையைத்தான் சரிவாகச் சீவுகிறது. பால் இருப்பது உட்பட்டையில். கை கொஞ்சம் அழுத்தி உள்மரத்தில் கத்தி பட்டுவிட்டால் அந்த இடம் முடிச்சு விழுந்து போகும். திரும்ப வளரும் பட்டையும் மேடு பள்ளமாகிவிடும், கங்காணியிடம் ஏச்சு வேறு. ஒழுங்காகச் சீவினால் மங்கில் பால் சொட்டும். பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் மரத்துக்கு ஓய்வு. சில வருடத்தில் பட்டை மறுபடி வளரும், மறுபடி சீவலாம். கோடரியால் ஒரே வெட்டாக வெட்டினால் விறகு கிடைக்கும், பால் கிடைக்காது.

கிறிஸ்தவம் சொல்லும் பொறுமை இந்த வகையைச் சேர்ந்தது. அடிக்குப் பயந்து குனிகிறவன் முதுகைத்தான் வளைக்கிறான். உள்ளே இருக்கும் 'நான்' இன்னும் கெட்டியாகப் பதுங்கிக்கொள்கிறது. கடவுளுக்கு வேண்டியது அடிமையின் சலாம் என்றால் அதுவே போதும். அன்பு என்றால் போதாது. கடவுளுடைய தயவுதான் மனிதனை மனந்திரும்ப வைக்கிறது என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் சொல்லுவது இதைத்தான். இப்படிச் சொல்கிற பவுலே தமஸ்கு போகும் வழியில் விழுந்து மூன்று நாள் கண் தெரியாமல் கிடந்தவர் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனால் எல்லாருடைய சாட்சியும் பவுலின் சாட்சியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் கோளாறு.

அடி விழாத சாட்சி ஒன்றைப் பார்ப்போம். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில், வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணபிள்ளை. கம்பனில் தோய்ந்தவர். 1853இல் சாயர்புரத்து மிஷன் பள்ளிக்குத் தமிழாசிரியர் வேண்டியிருந்தது, தேர்ந்தெடுத்தவர் மிஷனரி கால்டுவெல். வேலையில் சேர்ந்தார், இந்துவாகவே பாடம் நடத்தினார். கிறிஸ்தவத்தை மதிக்க அன்றைய வேளாளப் புலவர் ஒருவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. நெல்லையில் அப்போது சபையை நிறைத்தவர்கள் பெரும்பாலும் நாடார்களும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சாதியாரும். மிஷனரிமார் எழுதிய தமிழோ பண்டிதர் காதுக்குக் கல்லும் மண்ணும். சாதியும் தமிழும் சேர்ந்து எழுப்பிய மதில் அது. ஒன்றைவிட மற்றது உயரம்.

அந்த மதில் எப்படி இறங்கியது? தினமும் பள்ளிக்கூடத்தில் அதே ஆட்கள், அதே புத்தகம். நெருக்கமானவர்களில் சிலர் அவருக்கு முன்பே கிறிஸ்தவர்களானார்கள். பேச்சு, வாசிப்பு, தயக்கம், மறுபடி பேச்சு. வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் கழித்து, 1858இல் சென்னையில், முப்பதைத் தாண்டிய வயதில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்ஃபிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார். அந்த ஐந்து வருடத்தில் தினமும் கொஞ்சம் பட்டை போனது என்றே எனக்குத் தோன்றுகிறது. உள்மரத்தில் கத்தி படவில்லை என்பதற்கு வலுவான சாட்சியம் இருக்கிறது. கம்பனை அவர் தூக்கி எறியவில்லை. 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' 3,700க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியம். கம்பன் நடை அதில் ஊறிக் கிடக்கிறது. கிறிஸ்தவக் கம்பர் என்றே அவரைச் சொல்கிறார்கள். தாழ்த்தப்படுவது என்றால் படித்ததையும் திறமையையும் பிடுங்கிக்கொள்வது என்று பயப்படுகிறவர்கள் இந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

அதில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. அந்தக் காப்பியத்துக்கு மூலக்கதை, ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்'. பனியன் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்த தொழிலாளி. கல்லூரி வாசலை மிதிக்காதவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்தவர். சாதாரண ஜனங்களின் ஆங்கிலத்தில் எழுதினார். கல்லும் மண்ணுமான நடையை மதிக்காத உலகத்திலிருந்து வந்த புலவர், ஒரு பாத்திரக்காரனின் கதையைத் தன் வாழ்நாளின் பெரிய வேலையாக எடுத்துக்கொண்டார். இதைவிட வேறு என்ன தாழ்மை வேண்டும்?

மொழி கர்வம் தமிழனுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. 354இல் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகுஸ்தீன் பத்தொன்பது வயதில் வேதத்தைத் திறந்தார்; ரோமப் பேச்சாளர் சிசெரோவின் லத்தீனுக்கு முன்னால் அது பட்டிக்காட்டுத்தனமாகத் தெரியவே மூடி வைத்துவிட்டார். பின்னாளில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்கப் போனதும் பேச்சின் அழகுக்காகத்தான். அவரைத் தொட்டது எது என்று அவரே எழுதியிருக்கிறார்: அந்த ஆயர் தன்னைத் தகப்பனைப்போல அன்பாக வரவேற்றது. 387ஆம் ஆண்டு ஈஸ்டரில் அதே கையால் திருமுழுக்கு. மூடிய புத்தகத்திலிருந்து அதுவரை ஏறக்குறைய பதினான்கு வருடம்.

சில நேரம் பெருமைக்குத் தடங்கலாக நிற்பது, கேட்கப்படும் காரியம் ரொம்பச் சுலபமாக இருப்பதுதான். பழைய ஏற்பாட்டில் நாகமான் என்ற சிரியாப் படைத்தலைவன், குஷ்டம் தீர வேண்டி வெள்ளியும் பொன்னும் ரதமுமாக எலிசா தீர்க்கதரிசியின் வாசலுக்கு வருகிறான். எலிசா வெளியே வரக்கூட இல்லை. யோர்தானில் ஏழு தரம் முழுகச் சொல்லி ஆள் அனுப்பினார். தளபதிக்கு வந்ததே கோபம். எங்கள் தமஸ்குவில் இதைவிட நல்ல ஆறுகள் இல்லையா என்று திரும்பிப் போனான். அவனைத் திருப்பிக் கூட்டிவந்தவர்கள் வேலைக்காரர்கள்: தகப்பனே, பெரிய காரியம் ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே, இதுதானே என்றார்கள். அங்கே போகச் சொல்லி யோசனை கொடுத்ததும் சிறைபிடித்து வந்த ஒரு சின்னப் பெண். முதலிலிருந்து கடைசிவரை அவன் கீழே இருப்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. மருந்தில் பாதி அதுவேதான்.

இனி, அந்த லோரி விபத்து. நாம் எல்லாரும் தவறும் இடம் இதுதான், கொஞ்சம் நிற்போம். துன்பத்தில் ஒருவர் கடவுளைத் தேடிப் போவது உண்மை. அதை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் துன்பத்தில் தேடினேன் என்பது ஒன்று, என்னைத் தேட வைக்கத்தான் இந்தத் துன்பத்தை அனுப்பினார் என்பது வேறொன்று. இரண்டாவதை மிகச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இயேசுவே இந்தக் கேள்வியை எழுப்பினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். மற்ற எல்லாரையும்விட அவர்கள் பாவிகளா? இல்லை என்றார். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுத்தார். கர்வம் பிடித்த நேபுகாத்நேச்சார் ராஜாவுக்குத் தண்டனை வந்தது உண்டு. அதற்கு முன்னால் ஒரு கனவு, தானியேலின் புத்திமதி, அப்புறம் பன்னிரண்டு மாத அவகாசம். ஆகவே, கட்டிலில் காலில் கட்டுப்போட்டுக் கிடப்பவரிடம் போய் 'உங்களைத் தாழ்த்தத்தான் இது' என்று விளக்கம் சொல்ல யாருக்கும் வேதம் அனுமதி தரவில்லை. தன் காலைப் பற்றி அவரே அப்படிச் சொன்னால் அது அவர் உரிமை.

தண்ணீரில் முழுகி எழுந்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் சரியில்லை. பாளையங்கோட்டை வேளாளக் கிறிஸ்தவர்களில் பலர் திருமுழுக்குக்குப் பிறகும் சாதியைக் கீழே வைக்கவில்லை. கிருஷ்ணபிள்ளை வாழ்ந்ததும் அந்த உலகத்துக்குள்தான். கடல் கடந்து மலாயா வந்தவர்கள் அந்த மூட்டையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் வந்தார்கள். இன்றும் கல்யாணப் பேச்சில் எந்தச் சபை என்று கேட்ட பிறகு, குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி வருகிற வீடுகள் இருக்கின்றன. கடவுளின் பொறுமை விசுவாசிகளுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது என்று ஒரு போதகர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

அப்படியானால் ஒரே வீட்டில் ஒருவர் விசுவாசி, மற்றவர் பிடிகொடுக்காதவர் என்றால் என்ன செய்வது? பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இது சாதாரணம்: மனைவி ஞாயிறு ஆலயத்துக்கு, கணவர் கந்தசாமி கோயிலுக்கு, அல்லது எங்கேயும் இல்லை. அகுஸ்தீனின் தாய் மோனிக்காவும் இந்த நிலையில்தான் இருந்தார். ஓர் ஆயரிடம் போய், என் மகனிடம் பேசி வாதம் பண்ணுங்கள் என்று கெஞ்சினார். ஆயர் மாட்டேன் என்றுவிட்டார். அவன் இப்போது கேட்கும் நிலையில் இல்லை, படிக்கிறவன், படித்துத் தானே தெரிந்துகொள்வான், நீ ஜெபம் மட்டும் பண்ணு என்றார். அந்த அம்மா விடவில்லை, அழுதுகொண்டே நின்றார். ஆயருக்கு எரிச்சல்கூட வந்தது. இவ்வளவு கண்ணீர் சிந்தும் தாயின் பிள்ளை கெட்டுப்போக வழியில்லை என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். வாதத்துக்கு மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.