ஒரு பெயருக்குள் பல நுளம்புகள்

பருத்தித்துறையை அண்டிய தொண்டைமானாறுக் கடனீரேரி போன்ற உவர்நீர் நிலைகள் நிறைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலேரியாவைப் பரப்பவல்ல நுளம்புகளுள் ஒன்றாக நெடுங்காலம் கருதப்பட்டது, 1899-இல் கிராசி என்ற இத்தாலிய விலங்கியலாளர் பெயரிட்ட அனோபிலிஸ் சப்பிக்டஸ் ஆகும். ஆயினும் அது ஒரே இனமன்று. தோற்றத்தில் ஒத்திருந்தும் தம்முள் கலந்து இனம்பெருக்காத 'உடன்பிறப்பு இனங்கள்' அப்பெயருக்குள் அடங்கியிருந்தன. இந்திய ஆய்வாளர்கள் 1994-இல் நிறப்புரிகளின் அமைப்பையும் முட்டைகளையும் ஒப்பிட்டு, ஏ, பி, சி, டி என நான்கைப் பிரித்துக்காட்டினர். முட்டையின் இருபுறமும் காற்று நிறைந்த மிதவை உண்டு. அதன் குறுக்கு வரம்புகள் ஏ இனத்தில் 31 முதல் 36 வரையும், உவர்நீரில் பெருகும் பி இனத்தில் 16 முதல் 20 வரையும் இருக்கும்.

கதை அத்துடன் முடியவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2010-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இலங்கையில் பி எனக் கொள்ளப்பட்டவற்றுள் பெரும்பாலானவை, தென்கிழக்காசியக் கடலோரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் சண்டைக்கஸ் தொகுதியைச் சேர்ந்தவை எனக் காட்டியது. வரம்புகளை மட்டும் எண்ணியவர்களைக் குறைகூற இயலாது. உருவமே அங்கு ஏமாற்றியது.

எழுத்துகளாலான இப்பெயர்கள் தற்காலிகமானவையே. முறையான இனப்பெயருக்கு, விவரணையை வெளியிடுவதோடு, அப்பெயருக்கு நிலையான சான்றாகும் 'வகை மாதிரி' ஒன்றையும் குறித்துக் காட்டவேண்டும். 2016-இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அறிவித்தபோதும் நுளம்புகள் மறையவில்லையாதலால், உள்நாட்டு நன்னீரைக் கண்காணிப்பதா, கரையோர உவர்நீரையும் சேர்ப்பதா என்பதை இந்த இனப்பிரிப்பே தீர்மானிக்கிறது.