வானில் பேச்சு அறுந்தால்



தஞ்சாவூரில் விமானம் என்று சொன்னால், முன்னாளில் பெரிய கோயிலின் விமானம் ஒன்றுதான் எவர் மனத்திலும் எழும். இந்நாளில் அப்படியன்று. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் சுகோய்-30 போர் விமானங்களின் அணி ஒன்று நம் ஊர் விமானப் படைத் தளத்தில் அமைக்கப்பட்டது. அவற்றின் முழக்கம் கேட்டு, நாற்று நடுகிற பெண்களும் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிகிறார்கள். அடுத்துள்ள திருச்சி விமான நிலையமோ, வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் செல்லும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் வாசற்படி ஆகிவிட்டது. ஆகவே, ஆகாயப் பிரயாணத்தின் நன்மை தீமைகளைத் தெரிந்துகொள்ளுதல் நமக்கும் உரிய காரியமே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பறக்கும் விமானத்துக்கும் தரையிலுள்ள கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையே வானொலிப் பேச்சு அறுந்துபோனால் என்ன நேரும் என்பது. இதை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. நான் செய்த பிழை ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் தேதி காலை, தாம்பரத்திலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப் படையின் ஏ.என்.-32 விமானம், 29 பேருடன் வங்கக் கடலின் மேல் தொடர்பற்றுப் போயிற்று. செய்தித்தாள்களிலெல்லாம் அதே பேச்சு. மறு வாரம் நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "சார், ரேடியோ நின்றுபோனால் விமானம் விழுந்துவிடுமா?" என்று கேட்டான். வேறு வேலையின் அவசரத்தில் இருந்த நான், "ஆமாம் தம்பி, பெரிய ஆபத்துதான், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அவனுடைய தகப்பனார் அடுத்த வாரம் துபாயிலிருந்து திரும்ப இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அவர் சுகமாக வந்து சேர்ந்த பிறகுதான், பையன் அந்த வாரம் முழுவதும் சரியாக உறங்கவில்லை என்று அவன் தாயார் வந்து சொன்னார். ஆசிரியப் பயிற்சியில், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதே என்பதுதான் எனக்கு முதலில் போதிக்கப்பட்ட பாடம். அதை மறந்தேன். பின்னர் இவ்விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விமானத்தைத் தாங்குவது இறக்கையும் இயந்திரமும், வானொலி அன்று. பேச்சு நின்றதனால் மட்டும் எந்த விமானமும் விழுவதில்லை. பேச்சு எதற்காக என்றால், ஒரே வானத்தில் செல்லும் பல விமானங்களும் ஒன்றோடொன்று மோதாமல், யார் எந்த உயரத்தில், எந்த வழியில், எப்போது செல்வது என்று தீர்மானிப்பதற்காகவே.

இப்பேச்சு எப்படி நிகழ்கிறது? தரைக்கு அண்மையிலும் நிலத்தின் மேலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மிகை அதிர்வெண் அலைகள் பயன்படுகின்றன. இவை நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைத் தாண்டி வளைந்து செல்லா. 35,000 அடி உயரத்திலுள்ள விமானத்தைத் தரை நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் வரை எட்டலாம். அதற்கப்பால் நடுக்கடலில் சிற்றலையோ செயற்கைக்கோளோ துணை செய்ய வேண்டும். தூர தேசத்து நிலையங்களை இரவில் சிற்றலையில் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு, அந்த ஒலி எப்படி ஏறியும் இறங்கியும் வரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பேச்சு அறுவதற்குக் காரணங்கள் பல. பெரிய பிரயாணி விமானங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வானொலிக் கருவிகள் இருப்பதால், யாவும் ஒருங்கே பழுதாவது அரிது. ஒரு நிலையத்தின் எல்லையைக் கடந்து மறு நிலையத்தின் எல்லைக்குள் புகும்போது அலைவரிசையை மாற்ற வேண்டும். அப்போது ஓர் எண்ணைத் தவறாக வைத்துவிட்டாலும், ஒலியின் அளவைக் குறைத்து வைத்துவிட்டாலும் போதும். விமானி செவிடர்போல் ஆகிவிடுவார். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதி, மும்பையிலிருந்து 330 பிரயாணிகளுடனும் 15 சிப்பந்திகளுடனும் லண்டன் சென்ற ஜெட் ஏர்வேஸ் விமானம் ஜெர்மனியின் மேல் இவ்வாறு தொடர்பற்றது. காரணம் தெரியாத ஜெர்மானியர், இரண்டு போர் விமானங்களை அனுப்பிப் பார்த்தார்கள். பின்னர்த் தொடர்பு மீண்டது. விமானம் லண்டனில் சுகமாக இறங்கிற்று.

இனி, அத்தகைய வேளையில் விமானி செய்ய வேண்டியது என்ன? நம் வாய்க்கால் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். தலைமடைக்காரர் தம் முறை முடிந்ததும் மடையை அடைக்கிறார். கடைமடைக்காரர் தம் நாள் வந்ததும் மண்வெட்டியுடன் வந்து நிற்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, பேசவுமில்லை. முன்பே வகுத்த முறை ஒன்று இருக்கிறது. மற்றவர் அதன்படி நடப்பார் என்ற நம்பிக்கை இருக்கிறது. வானத்திலும் இதுவேதான் விதி.

பேச்சு அறுந்ததும், விமானி முதலில் தம் கருவிகளைச் சோதிப்பார், பழைய அலைவரிசைக்குத் திரும்பிப் பார்ப்பார், பிறகு 121.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் அவசர அலைவரிசையில் அழைப்பார். எதுவும் பலிக்காவிட்டால், விமானத்தின் அடையாளக் கருவியில் 7600 என்ற எண்ணை வைப்பார். "எனக்குப் பேச்சு இல்லை" என்பது அதன் பொருள். கடத்தலுக்கு 7500 என்றும், பிற பேராபத்துக்கு 7700 என்றும் தனி எண்கள் உண்டு. தரையிலுள்ள அதிகாரி ரேடார் திரையில் அவ்வெண்ணைக் கண்டு விஷயத்தை உணர்ந்துகொள்வார்.

வானம் தெளிவாக இருந்தால், கண்ணால் பார்த்துக்கொண்டே அருகிலுள்ள தகுந்த நிலையத்தில் இறங்கிவிட வேண்டும். மேகத்தினுள் இருந்தாலோ, கடைசியாக அனுமதித்த வேகத்தையும் உயரத்தையும் சிறிது நேரம் மாற்றாமல் செல்ல வேண்டும். ரேடார் உள்ள இடத்தில் 7 நிமிஷம், இல்லாத இடத்தில் 20 நிமிஷம் என்பது சர்வதேசப் பொதுவிதி. நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடு உண்டு. அதன்பின், புறப்படுமுன் எழுதிக் கொடுத்த பிரயாணத் திட்டத்தின்படியே சென்று, குறித்த நேரத்தை ஒட்டி இறங்க வேண்டும். விமானி தம் விருப்பப்படி வழியை மாற்றாததால், அவர் எங்கே இருப்பார் என்பதைத் தரையிலிருப்பவர் கணக்கிட முடிகிறது. அந்தக் கணக்கின்படி அவர் மற்ற விமானங்களை விலக்கி வழிவிடுகிறார்.

சில வேளைகளில் விமானியின் குரல் மட்டும் போய், காது இருக்கும். அப்போது அதிகாரி, "நான் சொல்வது கேட்டால் இடப்புறம் திரும்புக" என்பார். திரையிலுள்ள புள்ளி திரும்பினால், கேட்டது என்று அறிவார். இரண்டும் இல்லையென்றால் விளக்கு இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து அணையாத பச்சை ஒளி காட்டினால், இறங்கலாம் என்று பொருள். அணையாத சிவப்பு ஒளி, வேறு விமானத்துக்கு வழிவிட்டு வட்டமிடச் சொல்கிறது. விட்டுவிட்டு எரியும் சிவப்பு ஒளி, இந்நிலையம் பத்திரமன்று, இறங்காதே என்று எச்சரிக்கிறது. கண்டுகொண்டேன் என்பதற்கு அடையாளமாக, விமானி பகலில் இறக்கைகளை ஆட்டிக் காட்டுவார். இரவில் விளக்கைச் சிமிட்டுவார்.

தரையிலுள்ளவரும் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் பறக்கும் விமானங்களின் வாயிலாகவும் அழைப்பு விடுப்பார். வரவேண்டிய தகவல் 30 நிமிஷத்துக்குள் வராவிட்டால் ஐயநிலை, பிறகு எச்சரிக்கைநிலை, பிறகு ஆபத்துநிலை என்று படிப்படியாக அறிவித்துத் தேடுதலுக்கு ஆயத்தம் செய்யப்படும்.

இவ்வளவு ஏற்பாடும் இருக்க, தாம்பரத்து விமானம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். அது மீளவில்லை. ஏழரை ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜனவரியில், சென்னைக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. 29 குடும்பங்கள் அதுவரை காத்திருந்தன. அங்கே பேச்சு நின்றது ஒரு விபத்தின் அறிகுறி; பேச்சு நின்றதே விபத்து என்று கொள்ளலாகாது. நாடித்துடிப்பு நின்றதைக் கண்டு, மரணத்துக்கு நாடியே காரணம் என்று எவரும் சொல்வதில்லை அல்லவா? இந்த வேற்றுமையைத்தான் அன்று நான் அம்மாணவனுக்குச் சொல்லத் தவறினேன்.

அவன் இப்போது வளர்ந்த வாலிபன். எந்த ஊரில் இருக்கிறானோ, அறியேன். இந்தப் பேச்சு அவன் காதில் விழுமானால், அவன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: "இல்லை, தம்பி. ரேடியோ நின்றால் விமானம் விழுந்துவிடாது. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் முன்பே ஒப்புக்கொண்ட முறைப்படி நடப்பார்கள். உன் தகப்பனார் பிரயாணம் செய்யும்போது நீ நிம்மதியாக உறங்கலாம்."