மனநோய் மருந்தை மாற்றும்போது

மனநோய்க்குரிய மருந்துகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. 1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்ப்ரோமசினைக் கையாண்டனர். 1958-இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் உருவாக்கப்பட்டது. இவை மூளையில் டோபமைன் என்னும் பொருளின் செயலைத் தடுத்து, மாயக்குரல் கேட்டல், வீண் ஐயம் முதலிய குறிகளைத் தணிக்கின்றன. உடலசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியிலும் அத்தடை நிகழ்வதால், முக்கியமாக ஹாலோபெரிடாலில், கைநடுக்கம், தசைவிறைப்பு, ஓரிடத்தில் அமரவொட்டாத தவிப்பு ஆகியவை தோன்றுகின்றன.

பின்னர் வந்த ஓலன்சபினில் இத்தொல்லை குறைவு. ஆயினும் உடல் எடையும் இரத்தச் சர்க்கரையும் கூடக்கூடும். ரிஸ்பெரிடோனால் மாதவிலக்கு தவறலாம். அரிபிப்ரசோல் எடையை அதிகம் கூட்டுவதில்லை. ஆனால் தவிப்பை உண்டாக்கலாம். குளோசபின் பிற மருந்துகளுக்கு இணங்காத நோயையும் தணிக்க வல்லது. எனினும் அரிதாக வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனை உண்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை தேவை.

2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நோயாளிகளுள் 74 சதவீதத்தினர் தமக்கு முதலில் அளிக்கப்பட்ட மருந்தைப் பதினெட்டு மாதங்களுக்குள் கைவிட்டனர். மாற்றம் அவ்வளவு சாதாரணமானது. ஆனால் பழைய மருந்தைத் திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, வாந்தி ஆகியவை நேரலாம், நோயும் மீளலாம். ஆதலால் மருத்துவர் பெரும்பாலும் பழையதைப் படிப்படியாகக் குறைத்துப் புதியதைக் கூட்டுவார்.

களப்பணியாளர் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் எடை, உறக்கம், நடுக்கம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் நலம். நோயாளி தொல்லை தாளாது தாமே மருந்தை நிறுத்துமுன், அக்குறிப்பு மருத்துவரைச் சென்றடைய வேண்டும்.